சாவி உங்கள் கையில் இருக்கும்போது: கிரிப்டோ வாலட் பற்றி வாசகர் கேள்விகள்

விலை ஏறுமா, இப்போது வாங்கலாமா என்று கேட்டு வந்த கடிதங்களை இந்த முறை ஒதுக்கிவிட்டேன். ஏற்கெனவே வாங்கிக் கைபேசியில் வைத்திருப்பவர்கள் எழுதியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். விலை சரிந்து நஷ்டப்பட்டவருக்கு அது மறுபடி ஏறும் என்ற நம்பிக்கையாவது மிச்சமிருக்கும். வாலட்டைப் பறிகொடுத்தவருக்கு அதுவும் இல்லை.

திருப்பூர் வாசகர்: மூன்று வருஷமாக ஓர் இந்திய ஆப்பில் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு பிட்காயின் வாங்குகிறேன். ‘ஆப்பில் வைக்காதே, சொந்த வாலட்டுக்கு மாற்று’ என்று கூட வேலை பார்ப்பவர் சொல்கிறார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் சார்? மாற்றினால் வரி பிடிப்பார்களா?

ஆப்பைத் திறந்ததும் தெரிகிற பிட்காயின், அந்த நிறுவனத்தின் கணக்கில் உங்கள் பெயருக்கு எதிரே எழுதி வைத்த ஒரு தொகை. பிட்காயினை நகர்த்துவதற்கான ரகசியச் சாவி, அதாவது பிரைவேட் கீ, நிறுவனத்திடம் இருக்கிறது. சொந்த வாலட் என்றால் அந்தச் சாவி உங்களிடம். வாலட்டுக்குள் நாணயம் எதுவும் கிடையாது. யாரிடம் எவ்வளவு என்ற கணக்கு பிளாக்செயினில், உலகம் முழுக்கப் பரவிய ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கிறது. வாலட் சாவியைக் காக்கிறது, அனுப்பும்போது அதைக்கொண்டு கையெழுத்துப் போடுகிறது, அவ்வளவுதான்.

சாவி நிறுவனத்திடம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு முன்கதைகள் நிறைய. டோக்கியோவில் இயங்கிய மவுண்ட் காக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச், அதாவது கிரிப்டோ வாங்கி விற்கும் தளம், 2014 பிப்ரவரியில் மூடியபோது சுமார் 8.5 லட்சம் பிட்காயின்களைக் காணவில்லை என்றார்கள். 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் எக்ஸ்சேஞ்ச் திவாலானபோது, வாடிக்கையாளர் பணம் நிறுவனரின் இன்னொரு கம்பெனிக்குப் போயிருந்தது வெளியே வந்தது. நம்மவர்களை நேராக அடித்தது இந்திய எக்ஸ்சேஞ்சான வசிர்எக்ஸில் நடந்த களவு. 2024 ஜூலை 18 அன்று அதன் வாலட் ஒன்றிலிருந்து சுமார் 23 கோடி டாலர், கிட்டத்தட்ட 2,000 கோடி ரூபாய், போனது. பலர் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் திறக்கும் வாலட் அது. அதன்பின் ஓராண்டுக்கும் மேல் வாடிக்கையாளர்கள் தங்கள் நாணயங்களை எடுக்க முடியாமல் காத்துக் கிடந்தார்கள்.

அதையொட்டிய வழக்கு ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. களவு போனவை ஈத்தீரியம் வகை நாணயங்கள். வழக்குத் தொடுத்தவர் வைத்திருந்ததோ எக்ஸ்ஆர்பி. வேறு நாணயம் திருடு போனதற்குத் தன் கையிருப்பை ஏன் முடக்க வேண்டும் என்பது அவர் வாதம். கிரிப்டோ ஒரு சொத்து, அதை இன்னொருவருக்காகப் பொறுப்பேற்று வைத்திருக்க முடியும் என்று 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் சொன்னார்; வழக்குத் தொடுத்தவருக்கு இடைக்காலப் பாதுகாப்பும் அளித்தார். ஆப்பில் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய பலம். ஆனால் அந்தப் பலத்தைப் பெற நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று ஆண்டில் நீங்கள் போட்டது 36,000 ரூபாய். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்ல மாட்டேன். சொந்த வாலட்டில் நிறுவனம் கவிழும் ஆபத்து இல்லை. நம் கையாலேயே தொலைக்கும் ஆபத்து இருக்கிறது. முதலில் ஆயிரம் ரூபாய் மதிப்புக்கு அனுப்புங்கள். பிறகு வாலட் ஆப்பை அழித்துவிட்டு, வாலட் தொடங்கும்போது அது காட்டி, நீங்கள் எழுதி வைத்த மீட்புச் சொற்களைக் கொண்டு மறுபடி உருவாக்குங்கள். அந்த ஆயிரம் திரும்பத் தெரிந்தால் மீதியை அனுப்பலாம். உங்கள் வாலட்டுக்கு நீங்களே மாற்றுவது விற்பனை அல்ல, வருமான வரி எழாது. ஆப் தன் கட்டணத்தைப் பிடிக்கும். வாங்கிய தேதி, விலை அடங்கிய பதிவுகளை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் விற்கும்போது வாங்கிய விலையைக் காட்ட வேறு ஆதாரம் இருக்காது. சில ஆப்கள் வெளி வாலட்டுக்கு அனுப்பவே விடுவதில்லை. உங்களுடையது அப்படியென்றால் இனி அதில் வாங்காதீர்கள்.

பள்ளி ஆசிரியை, நாகர்கோவில்: வாலட் ஆப் போட்டபோது பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள் வந்தன. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தேன். பையன் பார்த்துவிட்டு ‘உடனே டெலிட் பண்ணும்மா’ என்று சத்தம் போடுகிறான். என் போனிலேயே இருந்தால் என்ன தப்பு?

மகன் சொல்வது சரி அம்மா, ஆனால் டெலிட் செய்வது மட்டும் போதாது.

மீட்புச் சொற்கள் எனப்படும் அவை 2,048 சொற்கள் கொண்ட ஒரு நிலையான பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டவை. அதே பன்னிரண்டை அதே வரிசையில் உலகில் யார் எந்த போனில் தட்டினாலும் உங்கள் வாலட் அங்கே திறந்துகொள்ளும். கைரேகை, ஓடிபி எதுவும் குறுக்கே வராது. ஆப்புக்கு நீங்கள் வைத்திருக்கும் பின் நம்பர் இந்த ஒரு போனுக்கான பூட்டு மட்டுமே.

ஸ்கிரீன்ஷாட் கேலரியில் விழுந்த கொஞ்ச நேரத்தில் கூகுள் போட்டோஸுக்கோ ஐகிளவுடுக்கோ போயிருக்கக்கூடும். அதே கணக்கு திறந்திருக்கும் பழைய டேப்லெட்டிலும் அந்தப் படம் இருக்கும். படத்தில் உள்ள எழுத்தைப் படித்து, மீட்புச் சொற்கள் போலத் தெரிந்தால் எடுத்து அனுப்பிவிடும் ஸ்பார்க்கேட் என்ற வைரஸ் நிரலை 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கை நிறுவனம் வெளிப்படுத்தியது. அது கூகுள் பிளேயிலும் ஆப்பிள் ஆப் ஸ்டோரிலும் இருந்த ஆப்களுக்குள்ளேயே ஒளிந்திருந்தது. ஆகவே இன்றைக்கே புதிதாக ஒரு வாலட் உருவாக்குங்கள். அதன் சொற்களைத் தாளில் எழுதிச் சரிபார்த்துவிட்டு, பழைய வாலட்டில் இருப்பதை முழுக்கப் புதியதற்கு அனுப்பிவிடுங்கள். அதன்பின் அந்த ஸ்கிரீன்ஷாட் யாரிடம் போனாலும் கவலையில்லை.

எழுதுவதில் சில நுணுக்கங்கள். 1 முதல் 12 வரை எண் போட்டு, ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். பேச்சில் கேட்பதுபோலத் தமிழில் எழுதி வைப்பவர்கள் இருக்கிறார்கள். ‘சரி’ என்னும் ரைட், ‘எழுது’ என்னும் ரைட் இரண்டுமே அந்தப் பட்டியலில் இருக்கின்றன; ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தால் எது என்று தெரியாது. எழுத்து மங்கினாலும் ஒரு வசதி உண்டு. பட்டியலில் எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக வராது என்பதால், முதல் நான்கு தெரிந்தாலே முழுச் சொல்லைக் கண்டுபிடித்துவிடலாம். ஜெல் பேனா வேண்டாம், மை ஈரத்தில் பரவும். பால்பாயிண்ட் அல்லது பென்சில் போதும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீட்டுப் பத்திரங்கள் நனைந்து போயின. நகல் ஆவணங்கள் கொடுக்க அரசு முகாம் நடத்தியது. உங்கள் பன்னிரண்டு சொற்களுக்கு நகல் கொடுக்கும் அலுவலகம் எங்கேயும் கிடையாது. அதனால் இரண்டு பிரதி, இரண்டு இடம். வீட்டில் வைப்பதை நகைப் பெட்டியில் வைக்காதீர்கள், திருடன் முதலில் தூக்குவது அதைத்தான். இன்னொன்று வங்கி லாக்கரில் இருக்கட்டும். பெரிய தொகை என்றால் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் பொறித்து வைக்கலாம், தீக்கும் தண்ணீருக்கும் தாங்கும். ஆனால் பாத்திரக் கடையில் பெயர் வெட்டித் தருபவரிடம் கொடுத்துவிடாதீர்கள், சொற்கள் அவர் கண்ணில் பட்டுவிடும். பொறிக்கும் சிறிய கருவி கடைகளில் கிடைக்கிறது, மகனோடு உட்கார்ந்து நீங்களே பொறியுங்கள்.

பிரிட்டனில் நியூபோர்ட் நகரத்து ஜேம்ஸ் ஹவல்ஸ் என்பவரின் ஹார்ட் டிஸ்க் 2013ல் தவறுதலாகக் குப்பைக்குப் போனது. சுமார் 8,000 பிட்காயினுக்கான சாவி அதில் இருந்தது. குப்பைக் கிடங்கைத் தோண்ட நகர நிர்வாகம் விடவில்லை. 2025 ஜனவரியில் நீதிமன்றமும் அவர் வழக்கைத் தள்ளிவிட்டது. அவர் பிட்காயின் சேர்த்த 2009ல் மீட்புச் சொல் முறையே கிடையாது. தாளில் எழுதி வைக்கும் வசதி உங்களுக்கு இருக்கிறது, அதை போன் கேலரியில் வீணாக்காதீர்கள்.

தஞ்சாவூர் வாசகர்: வெளிநாட்டில் காபிக்குக்கூட பிட்காயினில் பணம் கொடுக்கிறார்களாமே. இங்கே கடையில் கொடுத்தால் சட்டப்படி குற்றமா?

குற்றம் இல்லை. ஆனால் பிட்காயின் இங்கே சட்டப்படி செல்லும் பணம் அல்ல, கடைக்காரர் வாங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. கிரிப்டோ வியாபாரத்துக்கு வங்கிகள் துணைபோகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் போட்ட சுற்றறிக்கையை 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 ஏப்ரல் 1 முதல் லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். 2022 ஜூலை 1 முதல் கைமாறும்போது 1 சதவீத டிடிஎஸ்.

கடையில் கொடுப்பதும் கைமாற்றம்தான். 500 ரூபாய்க்கு வாங்கிய பிட்காயின் இன்று 2,000 ஆகியிருக்கிறது, அதைக் கொடுத்துப் புத்தகம் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். 1,500 ரூபாய் லாபம். வரி 450, செஸ் 18, ஆக 468 ரூபாய் கட்ட வேண்டும். வேறொரு நாணயத்தில் நீங்கள் பட்ட நஷ்டத்தை இதில் கழிக்கவும் முடியாது. ஒரு புத்தகத்துக்கு இவ்வளவு கணக்கு. யுபிஐ கையில் இருக்கும் நாட்டில் கடைச் செலவுக்குக் கிரிப்டோ தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. 2021 செப்டம்பரில் பிட்காயினைச் சட்டப்படி செல்லும் பணமாக்கி, எல்லாக் கடைகளும் வாங்க வேண்டும் என்ற எல் சால்வடோர் நாடே, 2025 ஜனவரியில் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது.

கோவை வாசகர்: பி2பி முறையில், அதாவது இன்னொருவருக்கு நேரடியாக, யுஎஸ்டிடி என்ற டாலர் மதிப்பு நாணயத்தை விற்றேன். பணம் என் சம்பளக் கணக்குக்கு வந்தது. பத்து நாள் கழித்து கணக்கு முடக்கம். வேறு மாநில சைபர் போலீஸ் உத்தரவாம். நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. வீட்டு வாடகை கட்டக்கூட முடியவில்லை.

இந்த மாதம் வந்தவற்றில் அதிகம் வாட்டிய கடிதம் உங்களுடையது. இதே கதையை வேறு பலரும் எழுதியிருக்கிறார்கள்.

நடந்திருப்பது இதுவாக இருக்கும். எங்கோ ஒருவரை ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டியோ, போலி டிரேடிங் ஆப்பைக் காட்டியோ பணத்தைக் கறக்கிறார்கள். அந்தப் பணம் இரண்டு மூன்று வாடகைக் கணக்குகளைத் தாண்டி, யுஎஸ்டிடி வாங்குவதற்காக உங்களிடம் வருகிறது. நீங்கள் அனுப்பிய யுஎஸ்டிடி சில நிமிஷத்தில் நாடு தாண்டிவிடுகிறது. ஏமாந்தவர் சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் புகார் கொடுத்ததும் பணம் போன தடத்தில் உள்ள கணக்குகள் வரிசையாக நிறுத்தப்படுகின்றன. அந்தத் தடம் வங்கிகளுக்குள் முடிகிற இடம் உங்கள் சம்பளக் கணக்கு.

முதலில் வங்கிக் கிளையில் எழுத்து மூலம் கேளுங்கள்: புகாரின் ஒப்புகை எண், எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம், சர்ச்சைக்குரிய தொகை எவ்வளவு. கிளையில் ‘எங்களுக்குத் தெரியாது’ என்று சொன்னால் அங்கேயே நின்றுவிடாதீர்கள், வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். விவரம் கிடைத்ததும் அந்த விசாரணை அதிகாரிக்கு ஈமெயிலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். பி2பி ஆர்டர் எண், வாங்கியவரோடு நடந்த சாட், யுஎஸ்டிடி போனதற்கான டிரான்ஸாக்ஷன் ஹாஷ், வங்கி ஸ்டேட்மென்ட், உங்கள் அடையாளச் சான்று எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவிக்கும்படி கேளுங்கள். அசையாவிட்டால் வழக்கறிஞர் மூலம் உயர் நீதிமன்றம் போகலாம். முழுக் கணக்கையும் முடக்குவது சரியல்ல என்று சென்னை உட்படப் பல உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. நடுவில் யாராவது அழைத்து, ‘இவ்வளவு அனுப்பினால் முடக்கத்தை எடுத்துவிடுகிறேன்’ என்றால் ஒரு பைசா அனுப்பாதீர்கள்.

மற்ற வாசகர்களுக்கு: சந்தை விலைக்கு மேல் ஒருவர் தாராளமாகக் கொடுக்கிறார் என்றால் அது அவர் பணமாக இருக்காது. ஆப்பில் உள்ள பெயரும் பணம் வந்த வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இல்லையென்றால் யுஎஸ்டிடியை விடுவிக்காமல் ஆர்டரைப் புகாருக்கு அனுப்புங்கள். ‘தம்பி கணக்கிலிருந்து போடுகிறேன்’ என்றாலும் இதே பதில். இந்தியாவில் இயங்கும் எக்ஸ்சேஞ்சுகள் 2023 மார்ச்சிலிருந்து சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன, மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்த எக்ஸ்சேஞ்சில் விற்று, ரூபாயாக அதன் வழியே எடுப்பதில் விலை கொஞ்சம் குறையும். நிம்மதி அதிகம்.

சேலம் வாசகர்: தம்பிக்கு வழக்கமாக அனுப்பும் அட்ரஸைப் பழைய பரிவர்த்தனையிலிருந்து காப்பி செய்து அனுப்பினேன். அவனுக்கு வரவில்லை. அட்ரஸின் முதலும் கடைசியும் சரியாகத்தானே இருந்தது?

முதலும் கடைசியும் சரியாக இருந்ததுதான் சூழ்ச்சி. நீங்கள் யாருக்கு அடிக்கடி அனுப்புகிறீர்கள் என்பது பிளாக்செயினில் எல்லோருக்கும் தெரியும். அந்த அட்ரஸோடு முன்னும் பின்னும் சில எழுத்துகள் ஒத்துப்போகும்படி இன்னொரு அட்ரஸைக் கணினியில் உருவாக்கி, அதிலிருந்து உங்களுக்குச் சில்லறைத் தொகை ஒன்றை அனுப்பிவிடுகிறார்கள். உங்கள் ஹிஸ்டரியில் அது தம்பியின் அட்ரஸ் மாதிரியே உட்கார்ந்துகொள்கிறது, ஏனென்றால் ஆப் நடுவில் உள்ளதைப் புள்ளி வைத்து மறைத்துக் காட்டுகிறது. 2024 மே மாதம் இப்படி ஒருவர் ஒரே தட்டில் சுமார் 6.8 கோடி டாலர் மதிப்புள்ள நாணயத்தை அனுப்பிவிட்டார். உலகமே பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சம்பவத்தில் திருடியவர் பேச்சுவார்த்தைக்குப் பின் பெரும்பகுதியைத் திருப்பினார். சிறிய தொகை இழப்பவர்களுக்கு அது நடப்பதில்லை.

ஹிஸ்டரியிலிருந்து காப்பி செய்வதை இன்றோடு விட்டுவிடுங்கள். தம்பியின் அட்ரஸை வாலட்டின் அட்ரஸ் புக்கில் ஒருமுறை சரிபார்த்துச் சேமியுங்கள். காப்பி செய்த அட்ரஸை ஒட்டும் நொடியில் மாற்றிவிடும் வைரஸும் உண்டு, கணினியில் அதிகம். அதனால் ஒட்டிய பிறகு நடுவில் உள்ள எழுத்துகளையும் சேர்த்துப் படியுங்கள். பெரிய தொகை என்றால் முதலில் கொஞ்சம் அனுப்பி, தம்பி போனில் ‘வந்துவிட்டது அண்ணா’ என்று சொன்ன பிறகு மீதியை அனுப்புங்கள்.

விழுப்புரம் வாசகர்: தவறான நெட்வொர்க்கில் யுஎஸ்டிடி அனுப்பிவிட்டேன். போனது போனதுதானா?

எங்கே அனுப்பினீர்கள் என்பதைப் பொறுத்தது. ஈத்தீரியம், பிஎன்பி, பாலிகான் மூன்றிலும் அட்ரஸ் ஒரே வடிவம். சுழியமும் எக்ஸும் முன்னால் இருக்கும். இவற்றுக்குள் மாறிப்போய், பெற்ற அட்ரஸ் உங்கள் சொந்த வாலட்டுடையது என்றால் பணம் அங்கேயே இருக்கிறது. வாலட் ஆப்பில் அந்த நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், தெரியும். எக்ஸ்சேஞ்ச் அட்ரஸுக்குப் போயிருந்தால் சாவி அவர்களிடம். ஹாஷ் எண்ணோடு வாடிக்கையாளர் சேவைக்கு எழுதுங்கள். சிலர் கட்டணம் வாங்கிக்கொண்டு மீட்டுத் தருகிறார்கள், சிலர் கைவிரிக்கிறார்கள். டிரான் நெட்வொர்க்கின் அட்ரஸ் ‘டி’ எழுத்தில் தொடங்குவதால் அதில் இந்தக் குழப்பம் குறைவு.

கல்லூரி மாணவர், தூத்துக்குடி: யூடியூப் கமெண்ட்டில் ஒருவர் தன் பன்னிரண்டு சொற்களைப் போட்டு, ‘யுஎஸ்டிடியை எப்படி எடுப்பது?’ என்று கேட்கிறார். போட்டுப் பார்த்தேன், உண்மையிலேயே உள்ளே பணம் இருக்கிறது!

எடுக்க முயலாதீர்கள் தம்பி. டிரான் நெட்வொர்க்கில் யுஎஸ்டிடியை அனுப்பக் கட்டணமாக டிரான் நாணயம் வேண்டும். அந்த வாலட்டில் அது இருக்காது. கட்டணத்துக்காக நீங்கள் கொஞ்சம் டிரான் போடுவீர்கள் என்று காத்திருந்து, போட்ட மறு நொடி தானியங்கி நிரல் உருவிக்கொள்ளும். யுஎஸ்டிடியையோ இன்னொரு சாவியின் கையெழுத்தும் இல்லாமல் அசைக்க முடியாதபடி கட்டி வைத்திருப்பார்கள். இன்னொன்றையும் யோசியுங்கள். அது நிஜமாகவே விவரம் தெரியாத ஒருவரின் பணமாக இருந்தால், நீங்கள் செய்யவிருந்தது திருட்டு.

திண்டுக்கல் வாசகர்: ஹார்ட்வேர் வாலட் ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

ஹார்ட்வேர் வாலட் நல்ல ஏற்பாடு. சாவி அந்தக் கருவியை விட்டு வெளியே வராது, கையெழுத்து அதற்குள்ளேயே விழும், எவ்வளவு எங்கே போகிறது என்பதை அதன் சிறிய திரையில் பார்த்துத்தான் பொத்தானை அழுத்துகிறோம். ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் கிரிப்டோவில் வைத்திருப்பவர்கள் வாங்குவது நல்லது. பாதி விலைக்கு மட்டும் வேண்டாம். நிறுவனத்திடமிருந்தோ அது அங்கீகரித்த விற்பனையாளரிடமிருந்தோ வாங்குங்கள். பெட்டிக்குள் மீட்புச் சொற்கள் ஏற்கெனவே அச்சிட்ட அட்டை இருந்தால் அது திருடன் அனுப்பிய பெட்டி. சொற்களைக் கருவி உங்கள் கண்முன் புதிதாக உருவாக்க வேண்டும். 2020ல் ஹார்ட்வேர் வாலட் தயாரிக்கும் லெட்ஜர் நிறுவனத்தின் லட்சக்கணக்கான வாடிக்கையாளர் விவரங்கள் கசிந்தன. அதன்பின் சிலர் வீட்டுக்கு ‘பழைய கருவிக்கு மாற்று’ என்று போலிக் கருவிகளே தபாலில் வந்தன. கேட்காமல் வரும் கருவியைத் தொடாதீர்கள்.

திருச்சி வாசகி: டெலிகிராம் குழுவில் சேர்ந்து ஒரு டிரேடிங் ஆப்பில் மூன்று லட்சம் இழந்தேன். இப்போது ஒரு ‘கிரிப்டோ ரெக்கவரி’ ஆள் 25,000 கட்டினால் முழுவதையும் மீட்டுத் தருகிறேன் என்கிறார். நகையை வைத்துக் கட்டலாமா?

வேண்டாம் அம்மா, நகையை அடகு வைக்காதீர்கள். பிளாக்செயினில் போன பணத்தைத் திரும்ப இழுக்கும் வழி யாரிடமும் இல்லை. பணம் இழந்தவர்களின் பட்டியலைத் திருடர்கள் கைமாற்றிக்கொள்கிறார்கள், உங்கள் எண் இவருக்குக் கிடைத்தது அப்படித்தான். இன்றே 1930க்கு அழைத்து, தேசிய சைபர் குற்றத் தளத்திலும் புகார் பதியுங்கள். நீங்கள் வங்கியிலிருந்து அனுப்பிய கணக்கு எண்களும் நேரங்களும் முக்கியம், ரூபாயாக வங்கிக்குள் இருக்கும் பகுதியைத்தான் போலீஸ் எளிதில் நிறுத்த முடியும். இந்த ரெக்கவரி ஆளின் எண்ணையும் புகாரில் சேருங்கள். வீட்டாரிடமும் சொல்லிவிடுங்கள். மறைத்து வைக்கும்போதுதான் இரண்டாவது திருடனுக்கு வழி திறக்கிறது.

மட்டக்களப்பு வாசகர்: வெளிநாட்டு நிறுவனத்துக்கு இணையவழி வேலை செய்கிறேன். யுஎஸ்டிடியில் சம்பளம் தருகிறோம் என்கிறார்கள். வாங்கலாமா?

வங்கி வழியாக அனுப்பச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், அதுவே உங்களுக்கு நல்லது. கிரிப்டோ இலங்கையில் சட்டப்படி செல்லுபடியாகும் பணம் அல்ல என்று மத்திய வங்கி பலமுறை எச்சரித்திருக்கிறது. வங்கி அட்டையால் கிரிப்டோ வாங்கவும் அனுமதியில்லை. யுஎஸ்டிடியை ரூபாயாக்க முகம் தெரியாத ஒருவரோடு கொடுக்கல் வாங்கல் செய்ய வேண்டிவரும். கோவை வாசகரின் நிலை அங்கும் வரலாம். வருமானத்துக்குச் சான்று கேட்கும்போது வங்கிப் பதிவு தரும் பலம் வாலட் பதிவுக்கு இல்லை.

காரைக்குடி வாசகர்: எனக்கு 58 வயது. சொற்களை எங்கும் எழுதவில்லை, மனப்பாடமாக வைத்திருக்கிறேன். மனைவிக்கு வாட்ஸ்அப் தெரியும், கிரிப்டோ தெரியாது. எனக்கு ஏதாவது ஆனால் அவளுக்கு எப்படிப் போய்ச் சேரும்? உயிலில் எழுதிவிடலாமா?

மனப்பாடத்தை நம்பாதீர்கள் ஐயா. ஒரு காய்ச்சல், ஒரு விபத்து, ஒரு பக்கவாதம் போதும். ஸ்டெஃபான் தாமஸ் என்ற கணினி நிரலாளர் 7,002 பிட்காயினுக்கான சாவியை ஒரு பாதுகாப்புக் கருவியில் வைத்தார். அதன் கடவுச்சொல்லை எழுதிய தாளைத் தொலைத்துவிட்டார். பத்து முறை தவறாகத் தட்டினால் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும் கருவி அது. எட்டு முறை முயன்றாகிவிட்டது என்பது 2021ல் உலகச் செய்தியானது.

உயிலில் சொற்களை எழுதாதீர்கள். எழுதும்போதே வக்கீல் அலுவலகத்தில் நாலு பேர் பார்ப்பார்கள். பதிவு செய்த உயிலின் நகலை, எழுதியவர் காலமான பிறகு யார் வேண்டுமானாலும் மனுப்போட்டு வாங்கலாம். உயிலில் ‘என் கிரிப்டோ சொத்துகள் மனைவிக்கு’ என்று மட்டும் இருக்கட்டும். சொற்கள் தாளில், தாள் லாக்கரில். லாக்கர் உங்கள் இருவர் பெயரிலும் இருக்க வேண்டும்.

மனைவிக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள். எந்த வாலட் ஆப், எந்தெந்த நாணயம், சொற்கள் இருக்கும் இடம், எந்த எக்ஸ்சேஞ்சில் விற்பது, விற்றால் வரி எவ்வளவு, யாரிடம் உதவி கேட்கலாம், யாரிடம் கேட்கக் கூடாது. துக்க வீட்டில் ‘நான் எடுத்துத் தருகிறேன் அக்கா’ என்று போனை வாங்கும் ஆளிடம் சொற்களைக் காட்டக் கூடாது என்பதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். கடிதத்தில் சொற்கள் இருக்கவே கூடாது, அவை இருக்கும் இடம் மட்டும். மனைவியின் பெயரில் ஓர் எக்ஸ்சேஞ்ச் கணக்கை இப்போதே திறந்து, அவருடைய பான், ஆதார் சரிபார்ப்பை முடித்து வையுங்கள்.

அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை வையுங்கள். 500 ரூபாய் மதிப்புள்ள நாணயம் போட்ட புதிய வாலட் ஒன்று, அதற்கு இதே மாதிரி ஒரு கடிதம், தாளில் அதன் பன்னிரண்டு சொற்கள். நீங்கள் பக்கத்து அறையில் இருங்கள். அவர் பழைய போன் ஒன்றில் அந்த வாலட்டைத் திறந்து, எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பி, விற்று, தன் வங்கிக் கணக்குக்குக் கொண்டுவரட்டும். எந்த இடத்தில் உங்களைக் கூப்பிடுகிறாரோ, கடிதத்தில் அந்த இடத்தைத் திருத்தி எழுதுங்கள். அவர் உங்களைக் கூப்பிடாமல் முடிக்கும்வரை மாதம் ஒருமுறை இதைச் செய்யுங்கள்.